சுளைக்காக ஒரு சண்டை

பாப்பா தத்துப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வாரம் கழித்து, 2019 ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சின்னவன் முதல்முறையாக அவளை அடித்தான். முதுகில் ஒன்று வைத்தான், அவ்வளவுதான். அவளும் சும்மா விடவில்லை. அவன் கையைப் பிடித்துக் கடித்துவிட்டாள். பல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

சண்டை பலாச்சுளைக்கு. பண்ருட்டி பக்கம் வேலையாகப் போன என் வீட்டுக்காரர் முதல் நாள் ஒரு முழுப் பழம் வாங்கி வந்திருந்தார். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து, நான் சுளை எடுக்க எடுக்க மூன்று தட்டிலும் எண்ணி வைத்தேன். ஆளுக்கு எட்டு. சின்னவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருப்பதிலேயே பெரிய சுளையைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைப்பான். பாப்பா தன் எட்டையும் முடித்தாள், கையை நீட்டினாள், அந்தப் பெரிய சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அது என் சுளைடி!"

அந்தப் பதினோரு வாரத்தில் அவன் அவளை ஒரு தடவைகூட 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. "பாப்பா, இதை எடுத்துக்கோ", "பாப்பா, நீ ஜன்னல் பக்கம் உட்காரு" என்றுதான் இருந்தான். பெரியவனும் அப்படித்தான். அப்போது பெரியவனுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு எட்டு, பாப்பாவுக்கு நாலேகால். டிவி ரிமோட், சைக்கிள், ஊஞ்சல் எல்லாவற்றையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பார்க்கிறவர்கள் "எவ்வளவு நல்ல பசங்க" என்றார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தானே இப்படி விட்டுக்கொடுப்பார்கள்? அண்ணன் தங்கைக்குள் இது எத்தனை நாளைக்கு நடக்கும்?

சத்தம் கேட்டு அவர் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆனால் அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாப்பா அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தபோது அவள் துணிகளைப் போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படிக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். கையில் பலாப்பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தப்பு செய்தாகிவிட்டது, இனி அனுப்பிவிடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். எனக்கு வாய் எழவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் சின்னவன் போய்விட்டான், கோபம் தீராமலே.

"எங்கடி போற? என் கொட்டையைக் குடுத்துட்டுப் போ."

சுட்டுத் தின்னக் கொட்டைகளை நாங்கள் சேர்த்து வைப்போம். அவன் சுளையின் கொட்டை அவள் கன்னத்துக்குள் இன்னும் இருந்தது. அவள் துப்பிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டையில் துடைத்து எண்ணிக்கையில் சேர்த்தான். அப்புறம் பையை அவள் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வீசிவிட்டு, தட்டு கழுவக் கூப்பிட்டான். அவளும் போனாள்.

அன்று ராத்திரி நான் வெகுநேரம் தூங்கவில்லை. இனி சரியாகிவிடும் என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றுதான்.

நாங்கள் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். ஊரில் யார் வாயிலும் அது முழுதாக வராது, திருப்பாப்புலியூர்தான். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இரண்டு ஆண் பிள்ளைகள் இருக்கும்போது எதற்குத் தத்து என்று கேட்காதவர்கள் இல்லை. பெண் பிள்ளை ஆசை என்று சொல்லிச் சமாளிப்பேன். அது பாதி பதில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எங்கள் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900ஐவிடக் குறைந்துபோயிருந்தார்கள். வளர்க்க மனமில்லாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போக வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது; 2011இல்தான் அதை எங்கள் மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது சின்னவன் என் மடியில் கைக்குழந்தை. நம் ஊர் தெருக்களில்தான் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது என்ற நினைப்பு என்னைவிட்டுப் போகவே இல்லை.

2017இல் காரா என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்தார், எழுதினார். பையன்கள் இரண்டு பேரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "அவ அழுதா நான் பார்த்துப்பேன், ஆனா என் பென்சில் பாக்ஸைத் தொடக்கூடாது" என்றானாம் சின்னவன். கைக்குழந்தை கேட்பவர்கள்தான் அதிகம், வளர்ந்த பிள்ளைக்குக் கேட்பவர்கள் குறைவு. நாங்கள் நாலு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தோம். ஒரு நாள் அவள் படமும் விவரமும் வந்தது. 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. இப்போது இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2022இல் விதிகள் மாறிவிட்டன. ஏற்கெனவே இரண்டு பிள்ளை உள்ள தம்பதிகளுக்குச் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளும், எளிதில் வீடு அமையாத குழந்தைகளும்தான். தத்து உத்தரவும் இப்போது நீதிமன்றத்தில் இல்லை, மாவட்ட ஆட்சியரிடம்.

அவள் பெயரை நாங்கள் மாற்றவில்லை. மாற்றச் சொன்னவர்கள் உண்டு, ஜாதகம் பார்த்து எழுத்துகூடக் கொடுத்தார்கள். மஞ்சள் பையைத் தவிர அவள் தன்னுடையது என்று கொண்டுவந்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். இங்கே அவளைப் பாப்பா என்றே எழுதுகிறேன்.

வந்த அன்றே அவள் என்னை "அம்மா" என்றாள். என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். இரண்டு நாளில் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் அம்மா, பூக்காரியும் அம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அம்மா. இல்லத்தில் பார்த்துக்கொள்கிற பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டுப் பழகியிருக்கிறாள். ஷிப்டு மாறினால் அம்மாவும் மாறுவார்கள். அவளுக்கு அது ஒரு உறவுப் பெயரே இல்லை, சேலை கட்டியவர்களைக் கூப்பிடும் சொல். அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் சரியாக இருக்காது. காத்திருந்தேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். ஆடி மாதம், காற்றில் தெருவெல்லாம் புழுதி. நான் மிஷினில் இருந்தேன். "பாப்பா, நெத்திலி இருக்கு, வேணுமா கேளு" என்று வாசலில் குரல். பாப்பா பதில் சொன்னது கேட்டது: "இருங்க, எங்கம்மாவைக் கேட்டுட்டு வரேன்."

எங்கம்மா. தையல் ஊசி நின்ற இடத்தில் நின்றது. நெத்திலி அன்று தேவையே இல்லை. அரைக்கிலோ வாங்கினேன்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இதுபோல ஒரு பிள்ளையை வளர்ப்பவர்கள் யாராவது படித்தால் உதவும். முதல் மாதம் தலையணை உறையை மாற்றும்போது உள்ளே இரண்டு இட்லி இருந்தது. ஊசிப்போய், எறும்பு மொய்த்து. அப்புறம் பள்ளிக்கூடப் பைக்கு அடியில் சப்பாத்தி, பீரோவுக்குப் பின்னால் முறுக்குத் துண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுத்து ஒளித்திருக்கிறாள். திருட்டுப் புத்தி என்று ஒரு உறவுக்காரர் சொன்னார். அவருக்கு அதற்குமேல் காபி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வேளை சாப்பாடு அடுத்த வேளைக்கு நிச்சயமாக வரும் என்று அந்த உடம்புக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திட்டவில்லை, கேட்கவும் இல்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, பொட்டுக்கடலை, வெல்லம், உடைத்த முந்திரி போட்டு, அவள் கைக்கு எட்டும் கீழ்த் தட்டில் வைத்தேன். "இது உன் டப்பா. எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். காலி ஆகாது." பையன்கள் அதைத் தொடக்கூடாது. முந்திரி என்றால் உயிரை விடும் பெரியவன்கூடத் தொடவில்லை. தினமும் ராத்திரி அவள் தூங்கின பிறகு நிரப்பி வைப்பேன். முதல் ஒரு மாதம் தினமும் பாதிக்குக் கீழே போயிருக்கும். ஐந்தாறு மாதத்தில் ஒரு நாள் நிரப்பப் போனால் வைத்தது வைத்தபடியே இருந்தது. அப்புறம் ஒரு நாள் தெருப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தடுக்கவில்லை. டப்பா அன்று முழுசும் காலி. அவள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இன்னொரு கணக்கும் என்னிடம் இருக்கிறது. தையல்காரியாக இருப்பதால் அளவு நோட்டில் அவளுக்கும் ஒரு பக்கம். வந்த மறுநாள் டேப்பை எடுத்ததும், டாக்டர் முன்னால் நிற்பதுபோல் இரண்டு கையையும் விரைப்பாகத் தூக்கிக்கொண்டு நின்றாள். மார்பளவு இருபதரை இஞ்ச். நாலு வயதுக்கு நான் இருபத்திரண்டு வைத்துத்தான் கவுன் வெட்டுவேன். மடிப்பில் துணி விட்டுத் தைத்தேன். எட்டு மாதத்தில் அந்த மடிப்பு மொத்தத்தையும் பிரித்துவிட வேண்டியிருந்தது. வளர்ந்த பிள்ளைக்கு எல்லோரும் புதுத் துணி தைப்பார்கள். நான் பழைய கவுனின் மடிப்பைப் பிரித்த அன்று பட்ட சந்தோஷம் தனி.

தலைமுடி பெரியவனின் இலாகா. பேன் தொல்லைக்காக இல்லத்தில் ஒட்ட வெட்டியிருந்தார்கள். மறு வருடம்தான் ரெட்டை ஜடை போடும் அளவுக்கு வளர்ந்தது. அது கொரோனா ஊரடங்குக் காலம், முகக்கவசம் தைக்கும் வேலை என்னிடம் குவிந்து கிடந்தது. பெரியவன்தான் முன்வந்தான். பாவாடை நாடாவை மூன்று பிரியாகக் கட்டில் காலில் கட்டி இரண்டு நாள் பழகினான். பிறகு அவளை முன்னால் உட்கார வைத்து, தேங்காயெண்ணெய் வைத்து, சிக்கை நுனியிலிருந்து மேல் நோக்கி எடுத்தான். வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும் என்று நான் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தான். ரிப்பனை மட்டும் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரிதான் கட்டுவான், இரண்டு முடிச்சு. சாயங்காலம் அவிழ்க்க நான் படாத பாடு படுவேன். சலூன் எல்லாம் மூடியிருந்ததால் பையன்கள் முடியும் காதை மூடி வளர்ந்தது. ஒரு மத்தியானம் பார்த்தால் சின்னவன் நெற்றிக்கு மேல் சிவப்பு ரிப்பனில் ஒரு குடுமி. போட்டுவிட்டவள் பின்னால் நின்று சீப்பைக் கடித்தபடி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது, 2020 பிப்ரவரியில். நீதிமன்ற உத்தரவு கைக்கு வராமல் காதுகூடக் குத்தக்கூடாது என்று நானாக ஒரு பயத்தில் தள்ளிப்போட்டிருந்தேன். உத்தரவு வந்து, எங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழும் வந்த பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் வேண்டும் அல்லவா? என் அம்மா ஆரம்பத்தில், "ரத்தமே வேற, நாளைக்கு எப்படி இருக்குமோ" என்று சொன்னவர். அண்ணன் அப்போது ஒன்றுமே பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு முள்ளாகவே இருந்தது. அவர் விருத்தாசலத்திலிருந்து வந்தார். ஏழு தட்டில் சீர், பட்டுப்பாவாடை, கால்சவரனில் தோடு. என் பையன்களுக்குச் செய்ததில் ஒரு தட்டுகூடக் குறையவில்லை. நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஊசி இறங்கும்போது அவள் அலறி, மாமன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டாள். அவளைவிடச் சத்தமாக அழுதவன் சின்னவன். "போதும் விடுங்க மாமா, ஒரு காது போதும்" என்று ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா அன்று அவள் பக்கத்தில்தான் படுத்தார். ராத்திரி எழுந்து பார்த்தபோது வீங்கின காதுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவரும் நானும் அந்தப் பழைய பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை.

"புண்ணியம் பண்ணிட்டீங்க" என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவள் பக்கத்தில் நின்று கேட்கிறாள். என் பையன்களைப் பெற்றதற்கு யாரும் எனக்குப் புண்ணியக் கணக்கு எழுதவில்லையே? ஒரு பிள்ளைக்குத் தான் யாரோ செய்த தர்மம் என்று தோன்றிவிட்டால், அது கோபப்படக்கூட யோசிக்கும், ஒரு சுளையை எடுத்துத் தின்னக்கூட யோசிக்கும். தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

எங்களுக்குள் மறைப்பு எதுவும் கிடையாது. நாலு வயதில் வந்தவளிடம் மறைக்கவும் முடியாது. "என்னை வயித்துல வச்சிருந்த அம்மாவுக்கு மீன் பிடிக்குமா?" என்று ஒருநாள் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள். தெரியலையேம்மா என்றேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவள் விரும்பினால் தன் வேரைத் தேட விண்ணப்பிக்கலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. அதையும் சொல்லியிருக்கிறேன்.

கரையேறவிட்டகுப்பம் பக்கம் போனபோது பெரியவன் அவளுக்குக் கதை சொன்னான். திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டுவிட்டார்கள், கல்லே தெப்பமாக மிதந்து இங்கேதான் அவர் கரையேறினார் என்று. எல்லாப் பிள்ளைகளும் கல் எப்படி மிதந்தது என்று கேட்கும். இவள், "அப்புறம் அவரை யார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" என்றாள். பெரியவன் திணறிப்போய் என்னைப் பார்த்தான். சின்னவன் சட்டென்று, "ஊர் ஜனமே வந்து கூட்டிட்டுப் போச்சு, பாடலீஸ்வரர் கோயிலுக்கு" என்றான். "அப்ப சரி" என்று நடந்தாள்.

பை பயம்தான் லேசில் போகவில்லை. யார் பெட்டி கட்டினாலும் அவள் முகம் மாறிவிடும். நான் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதற்குப் பை எடுத்தால், மஞ்சள் பையோடு வந்து நிற்பாள். சமூகப் பணியாளர் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார், அது நடைமுறை. அவர் தோளில் பையைப் பார்த்ததும் என் தையல் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

2020 நவம்பர் 25, நிவர் புயல் கரையேறிய ராத்திரி. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள். காற்று என்ன செய்யும் என்று தெரியும். சாயங்காலமே சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு பையில் கட்டினேன். கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஐந்து பேரும் நடு அறையில் பாயில் படுத்திருந்தோம். அவள் மட்டும் படுக்கவில்லை. கதவுப் பக்கம் வைத்திருந்த பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவன் எழுந்து அந்தப் பையை நடுவில் கொண்டுவந்து வைத்தான். உள்ளேயிருந்து ரேஷன் அட்டையை எடுத்தான். அவள் பெயர் சேர்த்து அப்போதுதான் வந்திருந்த புது அட்டை. டார்ச் அடித்து, பின்பக்கம் இருந்த பெயர்களில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். அப்பா, அம்மா, அவன், சின்னவன், ஐந்தாவதாக அவள்.

"இந்தப் பை எங்க போனாலும் நீ உள்ளதான் இருக்க. போதுமா? தூங்கு."

அவள் அட்டையை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். அப்போது அவளுக்குப் படிக்க வராது. தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். வெளியே காற்று ஊளையிட்டது. காலையில் எங்கள் முருங்கை மரம் சாய்ந்து கிடந்தது, வேறு சேதம் இல்லை. மூன்று பேரும் போய்க் கீரையை உருவிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. மஞ்சள் பையில் ரிப்பன்களும் வளையலும் கிடக்கின்றன. பெரியவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் போன மாதம் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்தான். அவன் பெட்டி கட்டிய அன்று காலையிலிருந்தே நான் அவள் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். துணி மடித்துக் கொடுத்தாள். எண்ணெய்ப் பாட்டிலைக் கவரில் சுற்றிக் கொடுத்தாள். "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னாடி வருவ?" என்று கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அலமாரிப் பக்கம் சத்தம். அவன் காலி செய்த தட்டு யாருக்கு என்று அவளும் சின்னவனும் மல்லுக்கு நின்றார்கள். "நான்தான் முதல்ல சொன்னேன்!" "நீ சொன்னா ஆச்சாடா? எனக்குத்தான் துணி ஜாஸ்தி!" பெரியவன் வாசலிலிருந்தே, "இன்னும் நான் தெருவைத் தாண்டலைடி!" என்று கத்தினான். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சண்டையை விலக்க என் வீட்டுக்காரர் உள்ளே போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.